புல்மோட்டை வீதியா, கந்தளாய் வீதியா?

திருகோணமலையில் வீதிச் சைக்கிளோட்டம் பழகும் பிள்ளைகளுக்கு இரண்டு வழி. வடக்கே நிலாவெளி, குச்சவெளி ஊடாகப் புல்மோட்டை. தென்மேற்கே கண்டி வீதியில் கந்தளாய்.

தூரம் ஓடக் கந்தளாய் நல்லது. போய்வர ஏறத்தாழ 80 கிலோமீற்றர், ஒரே வேகத்தில் மிதிக்கலாம். ஓடிக்கொண்டே சாப்பிடவும் அங்கேதான் பழக வேண்டும்: நீண்ட பந்தயங்களில் தொழில்முறை வீரர்கள் மணித்தியாலத்துக்கு 90 கிராம் அளவு மாச்சத்து எடுப்பார்கள், பழகாத வயிறு அதைத் தாங்காது. ஆனால் லொறியும் பஸ்ஸும் அதிகம். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் யானை நிற்கும், விடிய முன் போகவே வேண்டாம்.

கற்க நிறைய இருப்பது கடற்கரை வீதியில்தான். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அது பக்கவாட்டில் அடிக்கும். பந்தய அணிகள் இப்படியான காற்றில், வெல்ல வைக்க வேண்டிய தங்கள் தலைவரை மறைத்து, சரிந்த வரிசையாக ஓடுகின்றன. முன்னால் ஓடிக் காற்றைத் தாங்குபவரும் தண்ணீர்ப் போத்தல் சுமப்பவரும் பெரும்பாலும் மேடை ஏறுவதில்லை. அவர்கள் இல்லாமல் தலைவர் வெல்வது கடினம். இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி நாலு பேர் மாறி மாறி முன்னுக்கு வந்தால் அந்த உழைப்பு விளங்கும்.

அப்புறம், உப்புக் காற்று. வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். பெரிய அணிகளில் மெக்கானிக் செய்வார், இங்கே நாமேதான்.

மலையேற்றம் இரண்டிலும் இல்லை. ஒன்றைத்தான் சொல்லச் சொன்னால் கடற்கரை வீதி, அதுவும் வாகனம் கூடுவதற்கு முன் அதிகாலையில்.