ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் ஓடிபி வரும் நம்பரையும் கன்சல்டன்சி கையில் கொடுத்துவிடாதீர்கள்: தர்மபுரியில் எங்களுக்கு நடந்தது

தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், உயர்கல்வி வழிகாட்டி மையம், 100% ஸ்காலர்ஷிப் என்று ஃபிளெக்ஸ் கட்டி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொன்னதால் போடவில்லை. அவரிடம் போன வருஷம் என் தங்கச்சி படிப்பு சிக்கியது. எங்கள் பணம் 18,000 போனதைவிட அவளுக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டியது போனதுதான் பெரிய நஷ்டம், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ப்ளஸ் டூ கடைசிப் பரீட்சை அன்று பள்ளிக்கூட வாசலில் நோட்டீஸ் கொடுத்து, ஒரு நீள நோட்டில் பிள்ளைகளின் பெயர், அப்பா போன் நம்பர் எல்லாம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். ரிசல்ட் வந்த மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். எங்களுக்குப் பாலக்கோடு பக்கம் கொஞ்சம் தக்காளித் தோட்டம், அப்பா அஞ்சாவதோடு நிறுத்தியவர், நான் ஐடிஐ முடித்து ஓசூரில் ஷிஃப்ட் வேலை. நான் ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் "ஐயா, பாப்பாவை இன்ஜினியர் ஆக்கறது என் பொறுப்பு, பீஸைப் பத்தி நீங்க யோசிக்கவே வேணாம்" என்று பேசி முடித்திருந்தார். அம்மா போனில், "சாமி, அந்த சார் தங்கமான மனுஷன்டா" என்றார்கள். மகளிர் குழுவில் கடன் எடுத்துத்தான் பணம் கொடுத்தார்கள்.

முதலில் கவுன்சிலிங் பதிவுக்கு என்று 3,000. இன்ஜினியரிங் கவுன்சிலிங் பதிவுக் கட்டணம் 500 ரூபாய்தான், எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 250. அதைவிட மோசம், விண்ணப்பத்தில் போன் நம்பர், இமெயில் இரண்டுமே அவருடையதைப் போட்டுக்கொண்டார். பாஸ்வேர்டு கேட்டதற்கு "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்மா" என்று தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறார். அவளுக்குப் பதினேழு வயசு, சார் சொன்னால் சரி என்று விட்டுவிட்டாள்.

ஜூன் மாதம் ஒருநாள் அப்பாவையும் அவளையும் வரச் சொல்லி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாராம். திரையில் அவள் பெயர், அதற்குப் பக்கத்தில் பத்து இலக்க எண் ஒன்று. "ஐயா, பாருங்க, கோடிக்கணக்குல போயிருக்கு உங்க பொண்ணு நம்பர். இத வெச்சுக்கிட்டு கவுன்சிலிங்ல என்ன சீட்டு கிடைக்கும்? இன்னிக்கே டிரஸ்ட் கோட்டால போட்டா ஸ்காலர்ஷிப்போட முடிச்சிடலாம்." அப்பா அந்த எண்ணைப் பார்த்து ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டாராம். தங்கச்சி அங்கேயே அழுதிருக்கிறாள்.

அது ரேண்டம் நம்பர். ரேங்க் கிடையாது. விண்ணப்பித்த எல்லாருக்கும் கம்ப்யூட்டர் போடும் எண் அது. இரண்டு பேருக்குக் கட்ஆஃப், அதாவது சீட்டுக்காக 200-க்குக் கணக்கிடும் மார்க், ஒன்றாக இருந்து, கணக்கு மார்க், பிசிக்ஸ் மார்க், பிறந்த தேதி வரைக்கும் ஒத்துப்போனால்தான் கடைசியாக அந்த எண்ணைப் பார்ப்பார்கள். ரேங்க் லிஸ்ட் அப்போது வெளிவரவே இல்லை. கணக்கில் 82, பிசிக்ஸில் 84, கெமிஸ்ட்ரியில் 90 வாங்கியவள். கணக்கை நூறுக்கும் மற்ற இரண்டை ஐம்பது ஐம்பதுக்கும் மாற்றினால் 200-க்கு 169 கட்ஆஃப். இவ்வளவு மார்க் எடுத்த பிள்ளையைத்தான் ஒன்றும் கிடைக்காது என்று அழ வைத்தார்.

அன்றைக்கே 15,000 வாங்கிக்கொண்டார். டிசி, மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாம் ஒரிஜினலாகப் போனது. ரசீதைப் பிறகு நான் பார்த்தேன். மஞ்சள் தாள், கல்லூரி பெயரும் இல்லை, சீலும் இல்லை, ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது என்று மட்டும் அச்சடித்திருந்தது. கோயம்புத்தூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரி, மேனேஜ்மென்ட் சீட், அதாவது கவுன்சிலிங் இல்லாமல் கல்லூரியே நேராகக் கொடுப்பது. ஸ்காலர்ஷிப் என்று சொன்னது என்னவென்றால், வருஷம் 1,40,000 என்று எழுதி அதில் 50,000 கழித்திருந்தார்கள், அதுவும் முதல் வருஷத்துக்கு மட்டும். கட்டணத்தைக் கூட்டிச் சொல்லிவிட்டுக் குறைப்பதற்குப் பெயர் உதவித்தொகை இல்லை.

ஜூலையில் அவளுடைய கெமிஸ்ட்ரி டீச்சர் போன் பண்ணினார். "ஏழரை சதவீதத்துல எந்த காலேஜ்டா கண்ணு போட்ட?" என்று கேட்டாராம். அப்போதுதான் எங்கள் வீட்டுக்கே விஷயம் தெரிந்தது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2021 முதல் இன்ஜினியரிங்கில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், ஹாஸ்டல், கவுன்சிலிங் கட்டணம் எல்லாமே அரசு கட்டுகிறது, தனியார் கல்லூரி கிடைத்தாலும் அப்படித்தான். ஆனால் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால் மட்டும்தான். மேனேஜ்மென்ட் சீட்டில் கையெழுத்துப் போட்டால் 7.5-ம் கிடையாது, முதல் பட்டதாரிக்கு வருஷம் 25,000 கழியும் சலுகையும் கிடையாது. எங்கள் வீட்டில் யாரும் டிகிரி படித்ததில்லை, முதல் பட்டதாரி சான்றிதழும் வாங்கி வைத்திருந்தோம், அதுவும் அவர் ஃபைலில்தான் கிடந்தது. இது எதுவும் தெரியாமல் அவர் இந்தத் தொழில் செய்ய முடியாது. தெரிந்தேதான் செய்தார், கல்லூரியில் கமிஷன் அப்படி.

நான் லீவு போட்டு ஓடி வந்தேன். லாகின் பண்ணினால் ஓடிபி அவர் போனுக்குப் போகிறது, அவர் போனை எடுக்கவில்லை. ஒரு ரவுண்டில் எந்தக் கல்லூரி வேண்டும் என்று சாய்ஸ் போட மூன்று நாள்தான் கொடுப்பார்கள், அவளுடைய ரவுண்டின் மூன்று நாளும் இப்படியே போனது. கவுன்சிலிங் சேவை மையத்தில் எழுதிக் கொடுத்து நம்பரை மாற்றும்போது ரவுண்டு முடிந்துவிட்டது. அவளுடன் படித்த பையன் ஒருவன், கட்ஆஃப் 151, சேலத்தில் ஒரு கல்லூரியில் ஹாஸ்டலோடு ஒரு ரூபாய் கட்டாமல் படிக்கிறான். அவனைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, ஆனால் வீட்டுக்கு வந்தால் மனசு ஆறவில்லை.

சர்டிபிகேட் வாங்க நேராகக் கல்லூரிக்கே போனோம். வகுப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியையும் ஒரிஜினலையும் திருப்பித் தர வேண்டும் என்பது இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்கும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ-யின் விதி. டீச்சர் அதை பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருந்தார். காட்டியதும் ஒரிஜினல் கைக்கு வந்தது. பணம் எங்களிடம் வரவே இல்லை, ஏஜென்ட்டைக் கேளுங்கள் என்றார்கள். தங்கச்சி இப்போது அரசுக் கல்லூரியில் பிஎஸ்சி கணிதம், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வருகிறது. நன்றாகப் படிக்கிறாள். அவள் ஆசைப்பட்டது அது இல்லை.

அதனால் சொல்கிறேன், உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பதிவு செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் நம்பரைப் போடுங்கள், பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வையுங்கள். சொந்தமாகச் செய்யத் தெரியாவிட்டால் அரசு சேவை மையத்துக்குப் போங்கள், பள்ளிக்கூட டீச்சரைக் கேளுங்கள். செட்டிக்கரையிலும் பர்கூரிலும் அரசு இன்ஜினியரிங் கல்லூரியே இருக்கிறது, அதைப் பற்றி அந்த மாடியில் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய்தான்.

கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்திருக்கிறேன், ரசீது கையில் இருக்கிறது, இன்னும் பதில் வரவில்லை. அன்றைக்கு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா கையிலும் இதே மஞ்சள் தாள் இருந்தது. உங்களிடமும் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஜிபே அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள். அடுத்த திங்கள் காலை பத்து மணிக்கு மறுபடியும் போகிறேன், சேர்ந்தே போகலாம்.