லேப்டாப் கார்டு ரீடரா, யூஎஸ்பி ரீடரா?

கானாடுகாத்தான் வீடுகளைப் படமெடுத்துவிட்டு காரைக்குடி திரும்பினால், லினக்ஸ் லேப்டாப்பில் கேமராவின் மெமரி கார்டு தெரியவில்லையா? பல லேப்டாப்புகளில் உள்ளே இருக்கும் ரீடர், யூஎஸ்பி வழியாக இல்லாமல், மதர்போர்டின் பிசிஐ வழியில் இணைந்தது. அதை யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளை காட்டாது, பிசிஐ சாதனங்களுக்கான எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையில்தான் தேட வேண்டும். ரியல்டெக் சிப் என்றால் அதற்கென்று தனி டிரைவர் ஏற வேண்டும். ஏறிவிட்டால் கார்டு பெரும்பாலும் எம்எம்சிபிஎல்கே0 (mmcblk0) என்ற பெயரில் வரும். சஸ்பெண்டுக்குப் பிறகு காணாமல் போனால் டிரைவரை இறக்கி மறுபடி ஏற்றிப் பாருங்கள்.

யூஎஸ்பி ரீடரில் இந்தத் தொல்லை குறைவு. பென்டிரைவுக்கான பொது டிரைவரே போதும். கார்டு எஸ்டிபி (sdb) மாதிரி ஒரு பெயரில் வந்துவிடும். வெளியே தொங்கும், சரி, இருந்தாலும் என் ஓட்டு இதற்கே.

64 ஜிபி கார்டு, டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையில் தெரிந்தும் திறக்கவில்லையா? அப்போது ரீடரை மாற்றிப் பயனில்லை. அது பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் (exFAT) என்ற கோப்பு முறையில் ஃபார்மேட் செய்த கார்டாக இருக்கும்; லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 5.4-க்கு முந்தையது என்றால், அதைப் படிக்க உதவும் எக்ஸ்ஃபேட் ஃபியூஸ் (exfat-fuse) மென்பொருளை நிறுவுங்கள்.