அமேசானா, பந்தனாலா: எதற்கு அதிக நாள்?

பிரேசிலில் காட்டுயிர் பார்க்க ஒன்பது நாள் கையில் இருந்தது. மனாஸில் இறங்கி அமேசான் மழைக்காட்டில் நான்கு நாள், பிறகு தெற்கே குயாபாவுக்குப் பறந்து பந்தனால் சதுப்புநிலத்தில் ஐந்து நாள் என்று பிரித்துக்கொண்டேன். மறுபடி போனால் ஏழு நாளைப் பந்தனாலுக்கே கொடுப்பேன்.

உயிரின வகைகளின் எண்ணிக்கையில் அமேசானுக்கு ஈடில்லை. அதைப் பற்றி வாதமே வேண்டாம். ரியோ நீக்ரோவின் கறுப்புத் தண்ணீரும் சொலிமோயிஸின் மண்நிறத் தண்ணீரும் கலக்காமல் பல கிலோமீட்டர் ஒட்டி ஓடுவதையும் ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும். ரியோ நீக்ரோ அமிலத்தன்மை உள்ள ஆறு, அந்தத் தண்ணீரில் கொசுப் புழு எளிதில் வளராது என்பதால் கொசுவும் நான் பயந்த அளவுக்கு இல்லை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இரண்டு இடத்துக்குமே தேவை. பத்து நாள் முன்னதாகப் போட்டுவிடுங்கள்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்றுதான்: விலங்கு கண்ணில் படுமா? மழைக்காட்டின் உச்சி முப்பது, நாற்பது மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குரங்கும் பறவையும் அங்கே. நாம் கீழே இருட்டில். மரத்தில் தொங்கியபடி மெல்ல நகரும் ஸ்லாத் என்ற விலங்கை வழிகாட்டி விரல் நீட்டிக் காட்டினார். பைனாகுலரில் பத்து நிமிடம் பக்தியோடு பார்த்தேன். நான் பார்த்தது மரத்திலிருந்த கறையான் கூட்டை. ஸ்லாத் பக்கத்துக் கிளையில் இருந்தது.

பந்தனாலில் கதையே வேறு. வறண்ட மாதங்களில் வெள்ளம் வடிய வடிய, மீன்கள் எஞ்சிய குட்டைகளில் சிக்கிக்கொள்கின்றன. அவற்றைத் தேடி நாரைகளும் கெய்மன் முதலைகளும் வந்து குவிகின்றன. போக்கோனேயிலிருந்து போர்ட்டோ ஜோஃப்ரே வரை செல்லும் டிரான்ஸ்பந்தனேரா என்ற மண்சாலை ஏறத்தாழ 145 கிலோமீட்டர், நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள். சாலையை உயர்த்த ஓரத்தில் மண் தோண்டிய பள்ளங்களிலேயே தண்ணீர் நிற்பதால், வண்டியை விட்டு இறங்காமலே பாதி சரணாலயத்தைப் பார்த்துவிடலாம். முதல் பாலத்தில் கெய்மன்களை எண்ணத் தொடங்கினேன். மூன்றாவது பாலத்தில் கைவிட்டேன்.

போர்ட்டோ ஜோஃப்ரேயில் படகு ஏறினால் ஜாகுவார். ஆற்றில் கெய்மனையும், கேபிபாரா என்ற பெரிய கொறிவிலங்கையும் வேட்டையாடுவதால் அது திறந்த கரையிலேயே நடமாடுகிறது, படகுக்கும் பழகிவிட்டது. நாங்கள் பார்த்த பெண் ஜாகுவார் பாதங்களைத் தண்ணீரில் வைத்து, காதை மட்டும் திருப்பிக்கொண்டு, கால்மணி நேரம் நின்றது. குறை என்னவென்றால், ஒரு படகோட்டி வானொலியில் தகவல் சொன்னதும் பதினைந்து படகுகள் சூழ்ந்துகொள்கின்றன. காட்டின் தனிமையை விரும்புகிறவருக்கு அது உறுத்தும், எனக்கும் உறுத்தியது.

மாதம் தவறினால் இந்தக் கணக்கெல்லாம் பொய்த்துவிடும். ஜாகுவாருக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை நல்லது. மழைக்காலத்தில் விலங்குகள் சிதறிவிடும், மண்சாலையும் சேறாகும் என்று அங்குள்ளவர்கள் சொன்னார்கள். நான் போனது ஆகஸ்டில் என்பதால் சொந்த அனுபவம் இல்லை. தீ வேறு கவலை: 2020இல் பந்தனாலின் கால்பங்குக்கும் மேல் எரிந்தது. வறட்சி கடுமையான ஆண்டுகளில் கிளம்பும் முன் நிலவரம் விசாரியுங்கள்.

அமேசானில் கணக்கு தலைகீழ். மனாஸ் பக்கம் ஜூன் வாக்கில் வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது, மூழ்கிய காட்டுக்குள் சிறு படகில் நுழைந்து மர உச்சிக்குப் பல மீட்டர் நெருங்கிவிடலாம். நான் போனபோது நீர் வடிந்துகொண்டிருந்தது. என் ஏமாற்றத்தில் பாதி அதனால் வந்ததாகவும் இருக்கலாம். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஜூலையைப் பிடியுங்கள்.

பறவைப் பட்டியலை நிரப்பப் போகிறவர் என் பேச்சைக் கேட்க வேண்டாம். தெற்கு அமேசானில், ஆல்டா ஃப்ளோரெஸ்டா ஊருக்கு அருகே கிரிஸ்டலினோ என்ற காட்டு விடுதியில் ஐம்பது மீட்டர் கோபுரங்களில் ஏறிக் காட்டை மேலிருந்து பார்க்கலாம். அங்கே தங்கியிருந்தால், அந்தக் கறையான் கூட்டுக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்க மாட்டேன்.