கருங்குழி கசடுக் கழிவு நிலையம்: பக்கத்து ஊரையும் சேர்த்துக்கொண்ட ஒரு சேவை

மதுராந்தகம் பக்கம் புதிதாக வீடு கட்டிக் குடிவந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, செப்டிக் டேங்க் எடுக்க யாரைக் கூப்பிடுவது என்பது. லாரிக்காரர் நம்பர் யாரிடம் கேட்டாலும் கிடைக்கும். எடுத்த கழிவு எங்கே போகிறது என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி. எங்கள் பகுதியில் அதற்கு நல்ல பதிலாக, டேங்க்கில் எடுத்த மலக்கசடைச் சுத்திகரிக்கும் கருங்குழி நிலையம் இருப்பதால் இந்த ரிவ்யூ.

எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இல்லை, எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க்தான். போன தடவை லாரி வந்தபோது கூடவே நின்று பார்த்தேன். மூடிக்கல்லைக் கடப்பாரையால் நெம்பி நகர்த்தினார்கள், ஹோஸை உள்ளே விட்டார்கள், மோட்டாரைப் போட்டார்கள். மேலே இருக்கும் தண்ணீர் சட்டென்று ஏறிவிட்டது, அடியில் சேறு மாதிரி இறுகிக் கிடந்தது வரவில்லை. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி நீளக் கழியால் கலக்கிவிட்டு மறுபடி இழுத்தார்கள். ஆள் யாரும் உள்ளே இறங்கவில்லை. இறக்குவது, மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம், "கொஞ்சம் இறங்கி வழிச்சு விட்டுடுப்பா" என்று வீட்டுக்காரர் கேட்பதும் கூடவே கூடாது. அம்மா வாசலில் நின்று, "தம்பி, இதை எங்க கொண்டுபோய்க் கொட்டுவீங்க?" என்று கேட்டார். "கருங்குழி பிளான்ட்டுக்குத்தான்மா, பக்கத்துலதானே இருக்கு" என்றார் டிரைவர்.

அந்தப் "பக்கத்துலதானே" தான் இந்தச் சேவையின் உயிர் என்பது என் கருத்து. செப்டிக் டேங்க் லாரி ஓட்டுபவருக்கு டீசலும் நேரமும்தான் கணக்கு. கொட்டும் இடம் முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தால், ஒரு நாளில் நான்கு வீடு எடுக்கக்கூடியவர் இரண்டோடு நிறுத்த வேண்டியிருக்கும். அப்புறம் இருட்டியதும் ஏதாவது ஓடைக்கரையில் வால்வைத் திறந்துவிடத் தோன்றும். இந்த நிலையம் வருவதற்கு முன்னால் ஒரு லாரியை அப்படி நானே பார்த்திருக்கிறேன், கழனிக்குப் போகும் வாய்க்காலில், ராத்திரி நேரத்தில். ஏரியைக் காத்தவர் என்று ராமருக்குக் கோயில் கட்டிக் கும்பிடும் ஊர் மதுராந்தகம். ஏரியும் கிளியாறும் நம்பித்தான் சுற்றுவட்டாரத்தில் பயிர் வைக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் மலக்கசடைக் கலப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

சரி, நிலையத்துக்கு வருவோம். 2017-ல் தொடங்கியது, தமிழ்நாட்டில் இந்த வகையில் முதலாவது. கருங்குழிப் பேரூராட்சியின் இடத்தில் இருக்கிறது, ஆனால் மதுராந்தகம் நகராட்சியின் கசடும் அங்கேதான் வருகிறது. ஒரு நாளைக்கு சுமார் 23 ஆயிரம் லிட்டர் வாங்கிச் சுத்திகரிக்கும் அளவு. 5,000 லிட்டர் லாரி என்று வைத்துக்கொண்டால் நான்கு லோடும் கொஞ்சமும். முறை ரொம்ப எளியது. லாரி கொட்டும் கசடு முதலில் கம்பி வலையைத் தாண்டும், துணி, பிளாஸ்டிக், நாப்கின் எல்லாம் அங்கேயே நின்றுவிடும் (தயவுசெய்து நாப்கினைக் கழிவறையில் போடாதீர்கள், யாரோ ஒருவர் அதைக் கையால் எடுக்க வேண்டியிருக்கிறது). பிறகு மணலும் ஜல்லியும் பரப்பிய படுகைகளில் கசடு விடப்படும். தண்ணீர் கீழே வடிந்துவிடும், மேலே தங்கியது வெயிலில் காய்ந்து மண்கட்டி மாதிரி வெடிக்கும், அதைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். வடிந்த தண்ணீரை அப்படியே விட்டுவிடுவதில்லை, அதற்குத் தனிச் சுத்திகரிப்பு உண்டு. பெரிய இயந்திரம் வேண்டாம், நமக்குப் பஞ்சமே இல்லாத வெயில்தான் முக்கால்வாசி வேலையைச் செய்கிறது.

இப்போது நான் உண்மையிலேயே சொல்ல வந்த விஷயம். கருங்குழி சின்ன ஊர். அதன் வீடுகளுக்கு மட்டும் இப்படி ஒன்று கட்டியிருந்தால் பாதிப் படுகைகள் காலியாகவே கிடந்திருக்கும், ஆனால் பராமரிக்கும் ஆளுக்குச் சம்பளம் முழுதாகக் கொடுத்தாக வேண்டும். மதுராந்தகம் நகராட்சி, 2011 கணக்கெடுப்பில் சுமார் 31 ஆயிரம் பேர், தனக்கென்று தனியாக ஒன்று கட்டப் போனால் முதலில் இடம் தேட வேண்டும். மலக்கசடு நிலையம் என்று சொன்னவுடனே எந்த வார்டும் ஒத்துக்கொள்ளாது, மறியல்தான் நடக்கும். இரண்டு ஊரும் சேர்ந்ததால் இடம் ஒரே இடம், செலவு ஒரே செலவு, ஆள் ஒரே ஆள், படுகைகளுக்கு லோடும் போதுமான அளவு வருகிறது. லாரி உரிமையாளர்களுக்கும் இதில் லாபம், ஏனென்றால் அவர்கள் எல்லைக்கோட்டைப் பார்த்துத் தொழில் செய்வதில்லை, காலையில் நகராட்சி வீடு, மதியம் பேரூராட்சி வீடு என்று ஓடுகிறவர்கள். கழிவு ஏற்கனவே எல்லை தாண்டிக்கொண்டுதான் இருந்தது, நிர்வாகம்தான் தாமதமாக வந்து சேர்ந்தது.

இங்கே மட்டும் இல்லை. கோயம்புத்தூர் பக்கம் பெரியநாயக்கன்பாளையமும் நரசிம்மநாயக்கன்பாளையமும் இதே போல ஒரு நிலையத்தைப் பொதுவாக வைத்துக்கொண்டன. மாநில அரசின் திட்டமே அப்படித்தான்: பாதாளச் சாக்கடைத் தண்ணீருக்கான கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஏற்கனவே இருக்கும் ஊரைச் சுற்றி சுமார் 10 கி.மீ.க்குள் இருக்கும் ஊர்களை ஒரு தொகுப்பாகச் சேர்த்து, அவற்றின் கசடையும் அங்கேயே கொண்டுவருவது, அப்படிச் சேர்க்க முடியாத ஊர்களுக்குப் பொதுவாகப் புதிய கசடு நிலையம் கட்டுவது. அதற்காக 2018-ல் 49 நிலையங்களுக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். ஒவ்வொரு பேரூராட்சிக்கும் ஒன்று என்று ஆரம்பித்திருந்தால் பணமும் போதாது, நிலமும் கிடைக்காது.

குறை என்று பார்த்தால், கருங்குழி மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க இருக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். நகராட்சியும் பேரூராட்சியும் நகராட்சி நிர்வாகத் துறையின் கீழ் வருகின்றன, கிராம ஊராட்சி ஊரக வளர்ச்சித் துறையின் கீழ். ஊர் எல்லையை ஒட்டிய ஊராட்சிகளில்தான் இப்போது மனை போட்டு வீடுகள் கட்டுகிறார்கள், அந்த வீடுகளிலும் செப்டிக் டேங்க் நிரம்புகிறது. அந்த லோடுகளுக்கு யார் பொறுப்பு, யார் பணம் கட்டுவது என்பதற்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான விஷயங்களையும், தண்ணீர் போன்ற வளங்களைப் பகிர்வதையும் கவனிக்க மாவட்டத் திட்டக் குழு என்று அரசியல் சட்டம் 243ZD பிரிவிலேயே ஓர் அமைப்பைச் சொல்லியிருக்கிறது. மாவட்டத் திட்டக் குழு கூட்டத்தில் கசடைப் பற்றிப் பேசினால் என்ன?

இன்னொன்று, எடுக்கும் முறை. டேங்க் நிரம்பி வழிந்தால்தான் லாரியைக் கூப்பிடுகிறோம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும் என்பதுதான் சரியான கணக்கு. தெருத்தெருவாக முறை வைத்து, வரியோடு ஒரு சிறு தொகை வாங்கிக்கொண்டு எடுத்தால் நிலையத்துக்கும் லோடு சீராக வரும், மழைக்காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் அலைய வேண்டியதில்லை. இதையும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் சேர்ந்து ஒரே அட்டவணையாகப் போட்டால்தான் லாரிகள் வீணாக ஓடாது.

கூப்பிடுவதற்கு முன் கவனிக்க வேண்டியது: 2022-ல் சட்டம் திருத்தியதிலிருந்து இந்த லாரிகளுக்கு உள்ளாட்சி உரிமம் கட்டாயம், கண்ட இடத்தில் கொட்டினால் அபராதம் உண்டு. உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், எங்கே கொட்டுவார் என்றும் கேளுங்கள், பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். நம்பர் எதுவும் தெரியாவிட்டால் 14420 என்ற இலவச எண் இருக்கிறது. டேங்கின் மூடிமேல் டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடாதீர்கள், எடுக்கும்போது உடைக்க வேண்டி வரும்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒன்று கிராம ஊராட்சிகளுக்காக, அவர்களையும் முறையாகச் சேர்த்த அன்றைக்கு முழுதாகத் தருகிறேன். வேறு ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் உங்கள் கவுன்சிலரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: நம் ஊர்க் கசடு இப்போது எங்கே போகிறது, 10 கி.மீ.க்குள் பக்கத்து ஊரில் நிலையம் இருக்கிறதா, இருந்தால் அவர்களோடு ஒப்பந்தம் போட என்ன தடை?