பலெர்மோவுக்கு வருகிறவர்கள் கவனம்: மீனைக் காட்டினால் தராசையும் காட்டச் சொல்லுங்கள்

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. பதினேழு வருடமாக இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்தில் இருக்கிறேன். அதில் முதல் ஆறு வருடம் ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் கோப்பை கழுவினேன், மீன் துப்பரவாக்கினேன், மேசைக்குப் போகிற பில் எப்படி ஊதுகிறது என்பதையும் அங்கே நின்றுதான் பார்த்தேன். அப்படிப்பட்ட என்னை, வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கிற ஒரு சின்ன திராத்தோரியாவில், அதாவது சாதாரண இத்தாலிச் சாப்பாட்டுக் கடையில், போன ஞாயிற்றுக்கிழமை வடிவாக ஏமாற்றிவிட்டார்கள். கடையின் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்தால் அந்த ஒரு கடையைத்தான் தவிர்ப்பீர்கள், ஆனால் இந்த வேலையைச் செய்கிற கடை இந்த நாட்டில் ஒன்று இரண்டு அல்ல.

டொரோண்டோவிலிருந்து சித்தப்பாவும் சித்தியும், தங்கச்சி, மச்சானோடு வந்திருந்தார்கள். இங்கே யார் வந்தாலும் முதலில் கூட்டிக்கொண்டு போவது மொந்தே பெல்லெக்ரீனோ மலைக் குகைக் கோவிலில் இருக்கிற, இந்த நகரத்தின் காவல் புனிதரான சாந்தா ரொசாலியாவிடம். சைவக்காரர், வேதக்காரர் என்று பார்ப்பதில்லை, ஞாயிறு காலையில் அந்தப் பாதையில் ஏறுகிறவர்களில் எங்கட சனத்தை நிறையவே காணலாம். குகைக்குள் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்கத் தகரத்தில் பீலி பூட்டியிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு சித்தி ஊர் வீட்டு நினைப்பில் பத்து நிமிடம் நின்றுவிட்டார். இறங்கி வரும்போது மணி இரண்டு தாண்டிவிட்டது, எல்லோருக்கும் சரியான பசி. "எங்கேயாவது நல்ல இத்தாலிச் சாப்பாடு வாங்கித் தா தம்பி, காசைப் பற்றி யோசியாதை" என்றார் சித்தப்பா. காசு யார் கொடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அவர்கள் என் விருந்தாளிகள். தினமும் கடந்து போகிற கடை, முதலாளி ரோட்டில் கண்டால் தலையாட்டுவான், தெரிந்த இடம்தானே என்று அங்கே கூட்டிப் போனேன்.

விலைப்பட்டியலை வாசலில் மாட்டியிருக்க வேண்டும், அது இங்கே சட்டம். இவர்கள் வாசலில் இருந்தது ஒரு கரும்பலகை, அதில் "இன்றைய மீன்" என்று சோக்கால் எழுதி, விலை எழுதவில்லை. அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். உள்ளே தந்த அட்டையில் மீனுக்கு நேரே 7 என்று பெரிதாகவும், அதற்குப் பின்னால் "எத்தோ" என்று எறும்பு அளவிலும் அடித்திருந்தது. புதிதாக வருகிறவர் மீன் ஏழு யூரோ என்று நினைப்பார். ஒரு எத்தோ என்றால் 100 கிராம். ஏழு யூரோ என்பது நூறு கிராமுக்கு, அதாவது கிலோ 70 யூரோ. அதுவும் பச்சையாக நிறுத்த நிறைக்கு, தலை, முள், குடல் எல்லாம் சேர்த்து. இதில் சட்டப்படி பிழை ஒன்றுமில்லை, நல்ல கடைகளும் இப்படித்தான் விற்கின்றன. நல்ல கடையில் மீனை உங்களுக்கு முன்னால் தராசில் வைத்து, இவ்வளவு கிராம், இவ்வளவு காசு, சரியா என்று கேட்டுவிட்டுத்தான் குசினிக்குக் கொண்டுபோவார்கள்.

எங்கள் மேசைக்கு வந்த பெடியன் ஒரு தட்டில் இரண்டு ஒராத்தாவை ஐஸ் மேல் கிடத்திக் கொண்டுவந்தான். கண்ணுக்கு இடையில் அந்தத் தங்கப் பட்டை நன்றாகத் தெரிந்தது, அந்த மீனுக்குப் பெயரே தங்கத்தில் இருந்துதான் வந்தது. "இந்த இரண்டும் ஆறு பேருக்குப் போதும்" என்றான். நிறை எவ்வளவு என்று கேட்க வாய் வந்தது. அப்போது சித்தப்பா மச்சானிடம், "இவனுக்கு இங்கே எல்லோரையும் தெரியும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் கிராம் கணக்குப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை, சரி போடு என்று தலையாட்டிவிட்டேன். தட்டு குசினிக்குள் போய்விட்டது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கேட்காமலே சாமான் வரத் தொடங்கியது. கத்தரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாகச் செய்கிற கப்போனாத்தா, கடலை மாவைக் கிண்டி ஆறவைத்து வெட்டிப் பொரிக்கிற பனெல்லே, ஒலிவ் காய், ஒரு துண்டு சீஸ். பனெல்லேயைச் சித்தி விரும்பிச் சாப்பிட்டார், எங்கட பஜ்ஜிக்குச் சொந்தக்காரன் போல என்று. கடை உபசரிக்கிறது என்று அவர்கள் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை, ஆனாலும் "இதை நாங்கள் கேட்கவில்லையே" என்ற நாலு சொல் வாயில் வரவில்லை. நான்கு தட்டு பாஸ்தா சொன்னோம், மத்தி மீனும் காட்டுப் பெருஞ்சீரகக் கீரையும் திராட்சை வற்றலும் போட்டது. அது நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

பில் ஒரு துண்டுக் கடதாசியில் பேனாவால் எழுதி வந்தது. மீன் 2,300 கிராம், 161 யூரோ. கேட்காமல் வந்த அந்தச் சாமானெல்லாம் முன்தட்டு என்று ஆளுக்கு 15 வீதம் 90. கொபெர்த்தோ, அதாவது மேசைவிரிப்புக்கும் பாணுக்கும் என்று தலைக்கு எடுக்கிற காசு, ஆளுக்கு 3 வீதம் 18. பாஸ்தா 56, தண்ணீர் நான்கு போத்தல் 12, கோலா இரண்டு 8. இதெல்லாம் 345. அதற்கு மேல் பரிமாறிய கூலி என்று நூற்றுக்குப் பத்து, 34.50. கடைசியில் 380 என்று போட்டு வட்டம் கீறியிருந்தான், ஐம்பது சதத்தைக்கூட விடவில்லை.

கொபெர்த்தோ அட்டையில் எழுதியிருந்தால் இங்கே எடுக்கலாம், உரோமாபுரி இருக்கிற லாட்சியோ மாகாணத்தில் மட்டும் அதை 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை செய்திருக்கிறார்கள். ஆனால் கொபெர்த்தோவும் எடுத்து, பரிமாறிய கூலியும் எடுத்து, அந்தக் கூலியைப் பற்றி அட்டையில் ஒரு எழுத்தும் இல்லாமல் இருப்பது வெறும் கொள்ளை. அதைவிட எனக்குள் எரிந்தது அந்த 2,300 கிராம்தான். ஆறு வருடம் மீன் துப்பரவாக்கிய கை இது. அந்த இரண்டு மீனும் என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும்கூட வராது. பண்ணையில் வளர்க்கிற ஒராத்தா சாதாரணமாக 300 கிராமிலிருந்து 600 கிராம் வரை வரும். இரண்டும் சேர்ந்து ஒரு கிலோவைத் தொட்டிருந்தாலே பெரிது.

காசு கட்ட பாங்க் அட்டையை நீட்டினேன். "மெஷின் வேலை செய்யவில்லை, மூலையில் பாங்க் இருக்கிறது" என்றான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2022 ஜூன் 30 முதல், அட்டையை வாங்க மறுக்கிற கடைக்கு 30 யூரோவோடு பில் தொகையில் நூற்றுக்கு நான்கும் தண்டம் உண்டு. அன்று மத்தியானம் மட்டும் மெஷின் செத்துப்போவது ஏன் என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும், காசாக வாங்கினால் கணக்கில் காட்டத் தேவையில்லை. சித்தப்பா பர்ஸை எடுத்தார், நான் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு மூலைக்கு ஓடிப்போய்க் காசு எடுத்து வந்தேன். கொடுத்ததும் பெடியன் அந்தத் துண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். கையில் ஒரு சாட்சியும் இல்லை. எண்ணெல்லாம் இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள், என் மனைவி மேசைக்குக் கீழே போனில் படம் எடுத்துவிட்டார். "இஞ்சேருங்கோ, கேளுங்கோவன்" என்று இரண்டு முறை என் காலையும் மிதித்தார். நான் கேட்கவில்லை.

ஒன்றைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். கையால் எழுதியதோ, மெஷினில் அடித்ததோ, மேலே "வரிக்கணக்குக்கு அல்ல" என்கிற பொருளில் இத்தாலியில் எழுதியிருந்தால் அது பில்லே அல்ல. "தொகுமெந்தோ கொமெர்ச்சியாலே" என்று போட்ட கடதாசிதான் உண்மையான ரசீது, 2020 இல் இருந்து பழைய ரசீதுக்குப் பதிலாக வந்தது அதுதான். காசு கொடுப்பதற்கு முன்னாலேயே அதைக் கேளுங்கள். தராவிட்டால் 117 க்கு போன் அடிப்பேன் என்று சொல்லுங்கள், அது வரி ஏய்ப்பைப் பிடிக்கிற நிதிக் காவலரின் இலக்கம். பாஷை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த மூன்று எண்ணும் அவர்களுக்கு நன்றாக விளங்கும்.

அடுத்த நாள் வேலைக்குப் போகிற வழியில் கடைக்குப் போனேன். இந்த முறை தனியாக, வெட்கப்பட ஆள் யாரும் பக்கத்தில் இல்லை. ரசீது வேண்டும் என்றேன். நேற்றைய கணக்கு மூடியாச்சு என்றான் முதலாளி. போனில் படத்தைக் காட்டி, அந்த மீன் 2,300 கிராம் இல்லை என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். பிறகு லாச்சியைத் திறந்து, ஒரு சொல்லும் பேசாமல், 60 யூரோவை மேசையில் வைத்தான். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எடுத்திருக்கக் கூடாது என்று மனைவி இன்றுவரை சொல்கிறார், ரசீது இல்லாமல் அந்த அறுபதை வாங்கியதால் நானும் அவனுடைய கணக்கில் பங்காளி ஆகிவிட்டேனாம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

சிலர் நினைப்பீர்கள், வெள்ளைக்காரனை ஏமாற்றமாட்டான், எங்கட நிறத்தைப் பார்த்துத்தான் என்று. நிறமும் இருக்கலாம், ஆனால் காசு எல்லா நிறத்துக்கும் ஒன்றுதான். 2018 தொடக்கத்தில் வெனிசில் நான்கு ஜப்பானிய மாணவர்களிடம் நான்கு ஸ்டேக்குக்கும் பொரித்த மீனுக்கும் 1,100 யூரோ வாங்கியது பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. அந்தப் பிள்ளைகள் போய் முறைப்பாடு கொடுத்ததால் வெளியே தெரிந்தது. நான் மூலைக்கு ஓடிப்போய்க் காசு எடுத்துவந்தவன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அட்டையில் ஒரு சாப்பாட்டுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது உறைய வைத்த சாமான் என்று பொருள். அன்றைக்கு அட்டையில் ஒரு குறியும் இல்லை, ஆனால் பக்கத்து மேசைக்குப் போன கணவாய் எல்லாம் அச்சில் வெட்டியது போல ஒரே அளவு வளையம். அது என் சந்தேகம்தான், நான் சாப்பிடவில்லை.

புதன்கிழமை காலை சித்தப்பாவை பல்லாரோ சந்தைக்குக் கூட்டிப்போனேன். வழக்கமாக வாங்குகிற மீன்காரரிடம், ஞாயிறு பார்த்த அளவில் இரண்டு ஒராத்தா எடுக்கச் சொல்லி, கையை வைத்து நீளத்தைக் காட்டினேன். தராசில் போட்டார், 960 கிராம், 11 யூரோ 50 சதம். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தராசின் எண் தெளிவாக விழுகிறதா என்று பார்த்துப் பார்த்து இரண்டு படம் எடுத்தார். மீனை மத்தியானம் சித்தி புளி விட்டுக் குழம்பு வைத்தார்.