கைபேசி அழைப்பைக் கணினி ஹெட்செட்டில் பேசுதல்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

நாள் முழுவதும் கணினியின் முன் ஹெட்செட் அணிந்து வேலை செய்பவர்களுக்கு, கைபேசி ஒலிக்கும்போதெல்லாம் அதைக் கழற்றுவதும் பேசி முடித்தபின் மீண்டும் மாட்டுவதும் பெரும் இடையூறு. அதைத் தவிர்க்கவே அழைப்பின் ஒலியைக் கணினிக்குத் திருப்பி, எல்லாவற்றையும் ஒரே ஹெட்செட்டில் கேட்டுப் பேசும் முறைக்கு மாறினேன். சில ஆண்டுகளாக இதுவே என் அன்றாட வழக்கம். இதன் தரத்தைத் தீர்மானிப்பது எந்தச் செயலியை நிறுவுகிறோம் என்பதைக் காட்டிலும், ப்ளூடூத் டாங்கிள் (கணினிக்கு ப்ளூடூத் வசதி தரும் சிறு யூ.எஸ்.பி. கருவி) எங்கே செருகப்பட்டிருக்கிறது, எந்த ஹெட்செட்டில் பேசுகிறோம் என்பவைதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

கைபேசியில் ஓடும் பாட்டைக் கணினியில் கேட்பது எளிது. விண்டோஸ் 10-இன் 2020 மே மாதப் பதிப்பு முதல், அதற்குரிய செயலி ஒன்றிருந்தால், கணினியே ப்ளூடூத் ஸ்பீக்கராகச் செயல்படும். அழைப்பு அப்படியல்ல. அதன் ஒலி ஒரே நேரத்தில் இரு திசையிலும் செல்ல வேண்டும். ஆண்ட்ராய்டோ, பிற செயலிகள் அழைப்பின் ஒலியை எடுக்க அனுமதிப்பதில்லை. கைபேசியையும் கணினியையும் இணைக்கும் கேடிஇ கனெக்ட் போன்ற நல்ல செயலிகூட அழைப்பு வருவதைத் திரையில் காட்டும், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டை நிறுத்தும், குரலைக் கொண்டுவராது. ஆப்பிள் கருவிகளுக்கு மட்டும் 2014-இல் ஐஓஎஸ் 8, யோசெமிட்டி (மேக் கணினியின் இயங்குதளப் பதிப்பு) ஆகியவற்றுடன் வந்த தனி வழி உண்டு. மற்றவர்களுக்கு எஞ்சுவது எச்எஃப்பி எனப்படும் ப்ளூடூத் ஹேண்ட்ஸ்ஃப்ரீ முறை. காரில் உள்ள ப்ளூடூத் கருவி செய்யும் வேலையை இங்கே கணினி செய்கிறது. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட்டின் ஃபோன் லிங்க் செயலி அழைப்புகளுக்கு ப்ளூடூத்தையே நாடுகிறது. லினக்ஸில் ஒலியைக் கையாளும் பைப்வயர் என்னும் மென்பொருள் கணினிக்கு இந்தப் பாத்திரத்தை அளிக்க வல்லது.

குரலின் தெளிவு இரு பக்கமும் ஒத்துக்கொள்ளும் கோடெக்கை, அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறையை, பொறுத்தது. பழைய கோடெக்கான சிவிஎஸ்டி நொடிக்கு 8,000 ஒலி மாதிரிகளையே எடுப்பதால், 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி அனைத்தும் விழுந்துவிடும். ‘ஸ’வுக்கும் ‘ஃப’வுக்கும் வேறுபாடு காட்டுவது பெரும்பாலும் அந்த மேல் அலைவரிசைகளே; எனவே எதிர்முனையில் இருப்பவர் ஒரு பெயரையோ மின்னஞ்சல் முகவரியையோ சொன்னால் திரும்பத் திரும்பக் கேட்க நேரிடும். 2011-இல் வெளிவந்த எச்எஃப்பி 1.6-உடன் சேர்ந்த எம்எஸ்பிசி என்னும் கோடெக் 16,000 மாதிரிகளை எடுக்கிறது. வோல்ட்டி (4ஜி வழிக் குரல்) அழைப்புகள் பெரும்பாலும் இதே அலைவரிசை அகலத்தில் வருவதால், கணினி சிவிஎஸ்டியில் நின்றுவிட்டால் நெட்வொர்க் தந்த தெளிவைக் கடைசிச் சில அடி தூரத்தில் இழக்கிறோம். டாங்கிள் வாங்கும்போது எம்எஸ்பிசி நம் இயங்குதளத்தில் வேலை செய்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

ஆனால் என்னை நெடுநாள் அலைக்கழித்தது கோடெக் அல்ல, கரகரப்பு. வெளிப்புற வட்டுக்குக் கோப்புகளை நகலெடுக்கத் தொடங்கியதும் எதிர்முனைக் குரல் துண்டு துண்டாக வரும். நகலெடுத்து முடிந்ததும் தானே சரியாகிவிடும். யூ.எஸ்.பி. 3.0 இணைப்புகள் தரவு செல்லும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை எழுப்புகின்றன. ப்ளூடூத் இயங்குவதும் அங்கேதான். பாட்டு கேட்கும்போது முன்கூட்டியே சேமித்து வைத்த ஒலி இத்தகைய இழப்பை மறைத்துவிடும். அழைப்பில் அவ்வாறு காத்திருக்க இடமில்லை. உரிய நேரத்தில் வராத துணுக்கு போனது போனதுதான். டாங்கிளை ஒரு நீட்டிப்புக் கேபிளில் செருகி, கணினியின் பின்புறத்திலிருந்து மேசையின் மேல் பக்கத்திற்குக் கொண்டுவந்த அன்றே கரகரப்பு நின்றது. கைபேசியும் அதன் கண்ணெதிரில் இருந்தால் இன்னும் நல்லது.

ஹெட்செட் கம்பியுடையதாக இருக்கட்டும். கம்பியில்லா ஹெட்செட்டையும் அதே டாங்கிளுடன் இணைத்தால், கைபேசிக்கு ஒன்று, ஹெட்செட்டுக்கு ஒன்று என இரண்டு குரல் இணைப்புகளை அது ஒருசேரச் சுமக்க வேண்டும், தாமதமும் கூடும். ஒரு வழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஐடியு-டி ஜி.114 பரிந்துரை கூறுகிறது. நெட்வொர்க் ஏற்கெனவே அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளக்கூடும். அதற்கு மேல் நாம் சேர்க்கும்போது இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துவது வழக்கமாகிவிடுகிறது. ஸ்பீக்கரில் பேசினால் எதிர்முனையில் இருப்பவருக்கு அவர் குரலே திரும்பக் கேட்கும். பைப்வயரின் எதிரொலி நீக்கி இதை வெகுவாகக் குறைக்கிறது என்றாலும், இருவரும் சேர்ந்து பேசும் இடங்களில் குரல் தேய்கிறது. ஹெட்செட் அணிந்தால் இந்தச் சிக்கலே எழுவதில்லை.

3.5 மி.மீ. துளையுள்ள கைபேசியைச் சவுண்ட் கார்டுடன் கேபிளால் இணைக்கும் பழைய வழியையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். ப்ளூடூத் தரும் தாமதம் அதில் இல்லை. ஆனால் கைபேசி சார்ஜ் ஆகும்போது எழும் ரீங்காரத்தை அடக்க இடையில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (நேரடி மின்தொடர்பின்றி ஒலிக் குறிப்பைக் கடத்தும் கருவி) தேவைப்பட்டது. கைபேசிக்குத் திரும்பிச் செல்லும் ஒலியில் நம் குரல் மட்டுமே இருக்குமாறு கணினியின் ஒலிக் கலவையை அமைப்பதும் அவசியம்.

கணினி உறக்கநிலைக்குப் போனாலோ நாம் அறையை விட்டு வெளியேறினாலோ இணைப்பு அறுந்து, அழைப்பு கைபேசிக்கே திரும்பிவிடும், பேச்சு துண்டிக்கப்படுவதில்லை. எழுந்து செல்வதற்கு முன்பே அழைப்புத் திரையில் உள்ள ஒலி பொத்தானைத் தொட்டு, கணினியின் பெயருக்குப் பதிலாகக் கைபேசியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் நடுவே ஒரு சொல்லும் விடுபடாது.