ஹட்டனில் படம் கழுவப் போகிறவர்களுக்கு: ஃபோனில் அழகாகத் தெரிந்தது ஃபிரேமில் ஏன் கெட்டுப்போகிறது?

இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் படம் கழுவி, பெரிதாக்கி, ஃபிரேமும் போட்டுத் தருகிற ஒரு சின்ன ஸ்டூடியோவைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. வேலை சுத்தம். 4க்கு 6 அளவுப் படம் ஒன்றுக்கு ஒரு பிளேன்டீயும் வடையும் சாப்பிடுகிற காசுதான் ஆகும், காத்திருந்தால் கையோடு கிடைத்துவிடும். பெரிய அளவு, ஃபிரேம் என்றால் அடுத்த நாள் வரச் சொல்வார். இதெல்லாம் மற்றக் கடைகளிலும் கிடைக்கிறதுதான். இவரைத் தனியாகச் சொல்லக் காரணம், நாம் கொண்டுபோகிற படம் பெரிதாக்கத் தாங்காது என்றால் காசு வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுகிறார், கம்ப்யூட்டரைத் திருப்பி நம் கண்ணாலேயே பார்க்கவும் வைக்கிறார்.

நான் அங்கே இருந்தபோது ஒரு பையன் வந்தான். அப்பாயி தவறிவிட்டது, காரியத்துக்கு மாலை போட்டு வைக்க 8க்கு 12 அளவில் படம் வேண்டும். ஃபோனில் இருந்தது ஒரு கல்யாண வீட்டுப் படம், இரண்டு வரிசையில் இருபது பேர், ஓரத்தில் அப்பாயி.

“தம்பி, இது எங்க இருந்து வந்துச்சு?”

“குடும்ப குரூப்ல போட்டாங்கண்ணே.”

“எடுத்த ஃபோன்ல இருக்குமா?”

“அந்த ஃபோனை வித்துட்டாங்க.”

கடைக்காரர் அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டினார். கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பும் பழுப்புமாக நாலைந்து கட்டங்கள். மூக்குத்தி ஒரு வெள்ளைப் புள்ளி. பையன் ஒன்றும் பேசவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அப்படித்தான் வரும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப் பக்கம் சுமார் 1600 புள்ளிகளாக (பிக்சல்) சுருங்கிவிடும். ஒரு வரிசையில் பத்துப் பேர் நின்றால் ஆளுக்கு 160, அதில் முகத்துக்கு அறுபதோ எழுபதோ. அந்த அறுபதை நாலு அங்குல முகமாக இழுத்தால் அங்குலத்துக்கு 15 புள்ளி. நல்ல பிரின்டுக்கு அங்குலத்துக்கு 300 வேண்டும் என்பார்கள், பாதி இருந்தாலும் சமாளிக்கலாம். 15ஐ வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது இதற்கென்று செயற்கை நுண்ணறிவு ஆப்கள் வந்திருக்கின்றன, மங்கலான முகத்தைப் பளிச்சென்று ஆக்கித் தரும். அன்றைக்கும் அதைப் போட்டுப் பார்த்தார்கள். தெளிவான முகம்தான் வந்தது, ஆனால் அது யாரோ ஒரு பாட்டி. இல்லாத விவரத்தை அது ஊகித்து வரைகிறது, வேறென்ன செய்யும்! “இது எங்க அப்பாயி இல்லண்ணே” என்று பையன் சொன்னதும் கடைக்காரர் அதை அழித்துவிட்டு, அடையாள அட்டையில் இருந்த சின்னப் படத்தை ஸ்கேன் செய்து கையடக்க அளவில் போட்டுக் கொடுத்தார். அதற்குக் காசும் வாங்கவில்லை.

நாம் ஏன் இப்படிச் சுமாரான படத்தோடு திருப்திப்பட்டுக்கொள்கிறோம் என்றால், அக்கறை இல்லாமல் இல்லை, ஃபோன் திரை நமக்கு உண்மையைக் காட்டுவதில்லை. இன்றைய சாதாரண ஃபோன் ஒன்று 4000க்கு 3000 புள்ளிகளில் படம் எடுக்கிறது, அதாவது 1 கோடியே 20 லட்சம். வாட்ஸ்அப் வழியாக வந்த பிறகு 1600க்கு 1200, அதாவது 19 லட்சத்து 20 ஆயிரம். ஆறில் ஒரு பங்குக்கும் கீழே. ஆனால் ஃபோன் திரையிலேயே சுமார் 26 லட்சம் புள்ளிதான் இருக்கிறது, அதிலும் படம் திரையில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும். அதனால் ஒரிஜினலும் சுருங்கியதும் கையில் வைத்துப் பார்க்கும்போது ஒரே மாதிரித்தான் தெரியும். இழந்தது எவ்வளவு என்று தெரியாதவரைக்கும் நல்லது கேட்க யாருக்குத் தோன்றும்? தெரியவருகிற நாள் பெரும்பாலும் ஒரு சாவு நாளாக இருக்கிறது, அதுதான் எனக்கு வேதனை.

அதே கடைச் சுவரில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் சில மாட்டியிருக்கின்றன. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு இந்தியா போன குடும்பங்கள், கிளம்புவதற்கு முன்னால் எல்லோருமாக நின்று எடுத்துக்கொண்டவை. கிட்டப் போய்ப் பாருங்கள், ரவிக்கைக் கையில் போட்ட தையல் தெரிகிறது, பெரியவர் கையில் கவ்வாத்துக் கத்தி வெட்டிய தழும்பு தெரிகிறது. ஒரே ஒரு படம், அதைத்தான் இங்கே இருப்பவர்களும் அங்கே போனவர்களும் வைத்திருக்கப் போகிறார்கள் என்று தெரிந்து எடுத்த படம். இன்று ஒரு திருவிழாவுக்கு நூறு படம் எடுக்கிறோம், ஒன்றுகூடச் சுவருக்கு வருவதில்லை.

தெளிவு இல்லாத எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. நம் பக்கத்தில் பொகவந்தலாவை செயின்ட் மேரிஸ் தேவாலயத்தில்தான் ஜூலியா மார்கரெட் கேமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே இறந்தவர், புகைப்பட வரலாற்றில் பெரிய பெயர். அவருடைய படங்கள் மங்கலாக இருக்கின்றன என்று அந்தக் காலத்திலேயே குறை சொன்னார்கள். ஆனால் அது அவர் வேண்டும் என்றே வைத்துக்கொண்ட மங்கல். நம்முடைய மங்கல் லென்ஸில் ஒட்டிய எண்ணெய்க் கை.

அதைத்தான் கடைக்காரரும் முதலில் சொல்வார். எடுப்பதற்கு முன்னால் லென்ஸை ஒரு பருத்தித் துணியால் துடையுங்கள், குளிரில் இருந்து அடுப்படிக்குள் வந்தால் அதில் ஆவி படியும், இரண்டு நிமிடம் விடுங்கள். செயின்ட் கிளேயர் அருவியை ரோட்டில் நின்று விரலால் இழுத்து இழுத்துக் கிட்டக் கொண்டுவருகிறோமே, சூம் லென்ஸ் இல்லாத ஃபோனில் அது ஓரத்தை வெட்டி எறிவதுதான், புதிதாக ஒரு விவரமும் வராது. பனிமூட்டத்தில் கமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும், வெள்ளைப் பனி சாம்பலாகத் தெரியும், திரையைத் தொட்டு வெளிச்சத்தை ஒரு படி ஏற்றினால் சரியாகிவிடும். தோட்டத்து லயக் குடியிருப்பு அறைக்குள் எடுப்பதானால் ஆளை வாசல் பக்கம் முகம் திரும்பி நிற்கச் சொல்லுங்கள். அப்புறம் அந்த பியூட்டி மோட். பல ஃபோன்களில் முன் கமராவில் அது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். மலையில் வெயிலும் மழையும் பட்டுக் கறுத்த எங்கள் அம்மாக்களின் முகத்தை மாவு பூசியது போல ஆக்கிவிடும், அதை அணைத்துவிடுங்கள்.

கடையிலும் குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அவரும் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கித்தான் போடுகிறார், கேட்டால் வாடிக்கையாளர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள் என்கிறார். “நிறத்தைத் தொடாதீங்கண்ணே” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, ஃபிரேமில் படத்தைக் கண்ணாடியோடு ஒட்டவே வைத்துவிடுகிறார். நம் ஊர் ஈரத்தில் ஒரு மழைக்காலம் போனால் பளபளப்புத் தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகம் உரிந்து வரும். இடையில் அட்டை வைத்து ஃபிரேம் போடச் சொல்லிக் கேளுங்கள், கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார், கொடுக்கலாம். தாளும் பளபளப்பில்லாத மட் தாளாகவே கேளுங்கள்.

கொண்டுபோகிற முறைக்கு வருகிறேன். படத்தை எடுத்த ஃபோனையோ, அதில் இருந்து நேராகப் போட்ட பென்டிரைவையோ கொண்டுபோங்கள். வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப முடியும் என்றால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்படி வந்தால் சுருங்காது. 2023இல் வந்த எச்.டி. வசதி பரவாயில்லை, ஆனால் அதுவும் ஒரிஜினல் கிடையாது. ஃபோனை விற்கப் போகிறீர்கள் என்றால் முதலில் படங்களை வெளியே எடுத்து வையுங்கள். கூகுள் போட்டோஸில் 2021 ஜூனில் இருந்து 15 ஜிபிக்கு மேல் இலவசம் இல்லை, அதனால் எல்லாம் அதிலேயே இருக்கும் என்று நம்பி விட்டுவிட வேண்டாம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்துத் தனியாக ஒரு படம் எடுங்கள், கடைக்காரர் ஒவ்வொருவரிடமும் சொல்கிற விஷயம் இது.

10ஆம் திகதி தோட்டச் சம்பளம் போட்ட பிறகு இரண்டு மூன்று நாளைக்கு அங்கே நிற்க இடம் கிடைக்காது. அதைத் தவிர்த்து ஒரு வார நாளில், காலையில் போனால் மனுஷன் பொறுமையாக உட்கார்ந்து பார்த்துத் தருவார்.